நட்சத்திரம் அணைந்த ஆறு நொடி

தூரத்தில் ஒரு விளக்கு அணைந்து எரிந்தது. சற்று நேரத்தில் அதற்கு அடுத்த விளக்கு அணைந்து எரிந்தது. பிறகு மூன்றாவது.

கல்லூரி கடைசி வருடம். மன்னார்குடியிலிருந்து வந்த பேருந்து என்னை எங்கள் ஊர் முக்கில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. வயல்களுக்கு அந்தப் பக்கம் அரிசி ஆலையின் மதிற்சுவர் விளக்குகள் வரிசையாகத் தெரியும். அந்த வரிசைக்கு முன்னால் யாரோ நடந்துபோகிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. ஆள் தெரியவில்லை. அவர் மறைத்த விளக்குகள் மட்டும் தெரிந்தன.

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு இத்தனை நொடி என்றால் நடையின் வேகம் வந்துவிடும். ஒரு விளக்கு எவ்வளவு நேரம் அணைகிறதோ அதிலிருந்து ஆளின் அகலம் வந்துவிடும். கணக்கில் ஆள் ரொம்ப அகலமாக வந்தார். தலையில் புல்லுக்கட்டு இருந்திருக்கலாம். ஏழாவது விளக்கு அணைந்து எரிந்தது. எட்டாவது அணையவில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்தேன். அணையவே இல்லை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருட்டில் ஒருவர் அசையாமல் நிற்கிறார், ஒருவேளை என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தோன்றியதும் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அன்று ராத்திரியே போனில் தேடினேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அது மறைக்கிற வெளிச்சத்தை வைத்து அளக்கிற வேலையை யாராவது செய்கிறார்களா? செய்கிறார்கள். நெப்டியூனுக்கு அப்பால் பனியும் பாறையுமாகச் சுற்றுகிற பொருள்கள் இருக்கின்றன. பலவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். மிகப்பெரிய தொலைநோக்கியில்கூட அவை வெறும் புள்ளி. ஆனால் அப்படி ஒன்று எப்போதாவது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வந்தால், அந்த நட்சத்திர வெளிச்சத்தில் அதன் நிழல் பூமியில் விழும். நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் நிழல் விரியாது, குறுகாது. பொருள் எவ்வளவு அகலமோ நிழலும் அவ்வளவு அகலம். அந்த நிழலுக்குள் நிற்கிறவனுக்கு நட்சத்திரம் சில நொடி இல்லாமல் போகும். எங்கே நின்றவனுக்கு எத்தனை நொடி என்பதைக் கோடு கோடாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் அந்தப் பொருளின் உருவம் வந்துவிடும். இதற்கு மறைப்பு என்று பெயர். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே கணித்து வரைபடம் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் அவரவர் ஊரிலிருந்து பதிவு செய்து அனுப்பலாம்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். எல்லா நிழல்களும் எங்கோ போயின. கடல் மேல், பாலைவனத்தின் மேல், ஆளில்லாத தீவின் மேல். ஒரு தை மாதம் வரைபடத்தில் இரண்டு கோடுகள் எங்கள் டெல்டாவின் மேல் விழுந்திருந்தன. இரண்டுக்கும் நடுவில் நிழல். அது கடலிலிருந்து நாகூர்ப் பக்கம் கரையேறி மேற்கே ஓடும். நாகூரிலிருந்து தஞ்சாவூருக்கு நாலு நொடி. தெற்குக் கோடு எங்கள் ஊரை உரசிக்கொண்டு போயிற்று. விடியற்காலை மூன்று இருபத்தொன்று.

நாலு நொடி என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தனை ஊர்கள், அத்தனை கூரைகள், அதற்குக் கீழே தூங்குகிற அத்தனை பேர். மேலே ஒன்று கடந்துபோகும், யார் தூக்கமும் கலையாது. இதற்கு முன் எத்தனை தடவை கடந்து போயிருக்கும்?

நான் படித்த கல்லூரியில் மூலையில் கிடந்த எட்டு அங்குலத் தொலைநோக்கியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். அதன் மோட்டாருக்கு அப்பா மருந்தடிக்கிற ஸ்பிரேயரின் பேட்டரி. கண் வைக்கிற இடத்தில் கடையில் வாங்கிய கண்காணிப்புக் கேமரா, அதிலிருந்து லேப்டாப். நேரத்துக்கு ஒரு வழி வைத்திருந்தேன். செயற்கைக்கோள் நேரத்தை வைத்து நொடிக்கு ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் போடுகிற செயலி போனில் இருந்தது. போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் வீடியோவின் படத்தோடு சேர்ந்து நேரமும் பதிவாகிவிடும். படத்தில் நட்சத்திரம், சத்தத்தில் நேரம்.

எல்லாம் தயார். ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. அது முறைத் தண்ணீர் நேரம்.

அணையை மூடுவதற்கு முன்னால் வருகிற கடைசித் தண்ணீர். வாய்க்காலில் எல்லோருக்கும் போதாது என்பதால் இன்னார் வயலுக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று முறை வைத்து விடுவார்கள். சம்பாக் கதிரில் பால் பிடிக்கிற சமயம். இப்போது தண்ணீர் தவறினால் மணி பதராகப் போகும். அதனால் முறைக்காரர்கள் ராத்திரி முழுக்க டார்ச்சோடு வாய்க்கால் நெடுகக் காவல் நடப்பார்கள். அந்தப் பனியில் ஒரு டார்ச் அடித்தால் போதும், என் கேமராவுக்கு வானம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும்.

என் நட்சத்திரம் மறைகிற அன்று நள்ளிரவிலிருந்து விடியும் வரை முறை கடைமடை அக்காவுடையது. எங்கள் தெருதான், வாய்க்காலில் கடைசி வயல் அவருடையது. அவர் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அக்கா தனி ஆளாக ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்து நட்டிருந்தார். தண்ணீர் எங்கள் வயலைத் தாண்டித்தான் அவர் வயலுக்குப் போக வேண்டும். நேரே போய்க் கேட்டேன்.

"அக்கா, நாளன்னைக்கி விடியக்காலம் மூணு பத்துலேர்ந்து மூணு முப்பத்தஞ்சு வரைக்கும் டார்ச்ச அணைச்சு வச்சிருக்கணும்."

"எதுக்குடி?"

"ஒரு நட்சத்திரம் மறையப் போவுது."

"அது மறையறதுக்கு நான் எதுக்குடி இருட்டுல நிக்கணும்?"

விளக்கினேன். எனக்கு விளக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அக்கா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி பாப்பா. முறைத் தண்ணி ஓடறப்ப வந்து வெளக்க அணைங்கன்னு கேக்கறவன் யாரு தெரியுமா? தண்ணி திருடறவன். எங்க மாமனார் காலத்துலேர்ந்து அவன்தான் கேட்டுருக்கான்."

"எங்க மடையில யாரும் கை வைக்க மாட்டாங்க அக்கா. நான் பொறுப்பு."

"உனக்கு நீ பொறுப்பு. இருட்டுக்கு யாரு பொறுப்பு?"

"அதுக்கும் நான்தான்" என்றேன். சிரித்துவிட்டார். இருபத்தைந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது என்று ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். உடனே சரி என்றார். எங்கள் அப்பா எதற்கும் உடனே சரி என்பவர் இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்று ராத்திரி நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் தொலைநோக்கியை நிறுத்தினேன். நாற்பது அடி தள்ளி எங்கள் மடை. அப்பா அதற்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். கடைமடைக்குப் போகிற வாய்க்கால் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பனி இறங்கிக் கண்ணாடி மங்காமல் இருக்கத் தொலைநோக்கியின் வாயில் அட்டையைச் சுருட்டிக் கட்டியிருந்தேன். மூன்று பத்துக்குக் கடைமடையில் அலைந்துகொண்டிருந்த வெளிச்சம் அணைந்தது. எங்கள் ஊரை அப்படி ஓர் இருட்டில் நான் பார்த்ததே இல்லை. கையை நீட்டினால் கை இல்லை.

கறுப்புப் போர்வைக்குள் தலையை விட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிம்ம ராசிப் பக்கம் மூன்று மங்கல் புள்ளிகள். நடுவில் இருப்பது என்னுடையது. டிக், டிக், டிக். மூன்று இருபது. மூன்று இருபத்தொன்று. ஒன்றும் நடக்கவில்லை. ஊர் விளிம்பில்தானே இருக்கிறது, நிழல் கொஞ்சம் வடக்கே விலகிப் போயிருக்கும் என்று நினைத்த நேரத்தில் நடுப் புள்ளி இல்லை.

மங்கவில்லை, நடுங்கவில்லை. இருந்தது, இல்லை. பக்கத்துப் புள்ளிகள் இரண்டும் அப்படியே இருந்தன. யாரோ விரலை வைத்துத் துடைத்துவிட்ட மாதிரி நடுவில் வெறும் இருட்டு. அந்த இருட்டுக்கு ஓர் அளவு இருக்கிறது, ஓரம் இருக்கிறது, அது இப்போது என் தலைக்கு மேலே நிற்கிறது என்று நினைத்ததும் பிடரி சில்லிட்டது. என் நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. தொப். தொப். அவ்வளவு பலமாக, நிலத்துக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. ஆறாவது டிக்கில் நட்சத்திரம் திரும்ப வந்தது. எதுவுமே நடக்காத மாதிரி எரிந்தது.

போர்வையிலிருந்து வெளியே வந்தேன். ஏதோ குறைந்திருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ராத்திரியே கொஞ்சம் மெலிந்துவிட்ட மாதிரி. நட்சத்திரம் போய் வந்ததால் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அப்படித்தான் நினைக்கத் தோன்றியது. மூன்று முப்பத்தைந்துக்குக் கடைமடை வெளிச்சம் திரும்ப எரிந்தது. அப்பா சாக்கில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

காலை ஏழு மணிக்கு அக்கா எங்கள் மடையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் வயலில் மேல் பாதி நனைந்திருந்தது. கீழ்ப் பாதி வெடித்த தரை வெடித்தபடியே கிடந்தது. ராத்திரி தண்ணீர் மெலிந்ததை மேலேயே வரத்துக் குறைவு என்று நினைத்திருக்கிறார். விடிந்ததும் வாய்க்காலோடு நடந்து வந்து பார்த்தால் எங்கள் வரப்புக்கு அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கை நுழைகிற அளவு ஓட்டை. தண்ணீர் சத்தமில்லாமல் எங்கள் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நண்டு வளை" என்றார் அப்பா. "ராத்திரி நண்டு நோண்டிருக்கு. நான் என்ன பண்றது?"

"ஆமாண்ணே, நண்டுதான். கடப்பாரை புடிச்ச நண்டு. வெளக்கு அணைஞ்ச நேரமாப் பாத்து வந்த நண்டு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, அந்த நட்சத்திரம் மறைஞ்சுச்சா?"

"மறைஞ்சுதுக்கா."

"எத்தன நாழி?"

"ஆறு நொடி."

"என் தண்ணி அதுக்கு மேல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று பகலோடு வாய்க்கால் வற்றியது. அணையையும் மூடிவிட்டார்கள்.

நண்டு வரப்பைத் துளைப்பது எங்கள் பக்கம் புதிதல்ல. நான் நம்பினேன். நம்பத்தான் விரும்பினேன். மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, நட்சத்திரம் எந்த டிக்கில் போயிற்று, எந்த டிக்கில் வந்தது என்று துல்லியமாகக் குறிக்க உட்கார்ந்தேன்.

டிக்குகளுக்குப் பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம். அதற்குப் பின்னால் வேறு ஒன்று. சேற்றில் கால் எடுத்து வைக்கிற சத்தம். மூன்று அடி, நிறுத்தம், இரண்டு அடி. பிறகு நட்சத்திரம் போயிற்று. அந்த ஆறு நொடிக்குள், படத்தில் நடுப் புள்ளி இல்லாத நேரத்தில், தொப். தொப்.

ஹெட்போனைக் கழற்றினேன். திரும்ப மாட்டினேன். என் நெஞ்சு மைக்கில் பதிவாகாது. நாற்பது அடிக்கு அந்தப் பக்கம் இரும்பு ஈர மண்ணில் இறங்கினால் பதிவாகும். நட்சத்திரம் திரும்ப வந்த பிறகு இன்னும் நாலு தடவை தொப், களக் என்று ஒரு கொப்பளிப்பு. தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. ராத்திரி மெலிந்தது என்று நான் நினைத்தது இதைத்தான். கடைசியில் ஓர் இருமல். முதலில் ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. பிறந்ததிலிருந்து பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருக்கிற இருமல்.

அதைப் பத்துப் பன்னிரண்டு தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் என் முதுகுக்குப் பின்னால் இருட்டில் நடந்து வந்தார். திரும்பிப் பார்த்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

அப்பா கொல்லையில் ஸ்பிரேயருக்குப் பேட்டரியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். ஹெட்போனை நீட்டினேன்.

"நட்சத்திரத்துல சத்தம்கூட வருதா?" என்று சிரித்துக்கொண்டே மாட்டினார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. இருமல் வருகிற இடத்தில் தொண்டையில் கை வைத்தார். கழற்றி என் கையில் கொடுத்தார்.

"அழிச்சுடு."

"அழிச்சா நேரம் போயிடும்ப்பா. நேரமே அந்தச் சத்தத்துலதான் இருக்கு. முழுசா அப்படியே அனுப்பணும்."

"அனுப்பு. அவனுங்களுக்கு என்ன புரியப் போவுது, தொப்பு தொப்புன்னு கேக்கும்." பேட்டரியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே அது இறுகித்தான் இருந்தது. "மேட்டுத் துண்டு காஞ்சுபோயிருந்துச்சு. நம்ம முறைல தண்ணி அங்க ஏறவே இல்ல. புரியாதவங்களுக்கு அனுப்பற. சரி. புரியறவ ஒருத்தி இருக்காளே, அவளுக்கு?"

ஹெட்போன் வயரைச் சுருட்டினேன். இருட்டுக்கு நான் பொறுப்பு என்று அக்காவிடம் சொன்னது அப்பாவுக்குத் தெரியாது.

சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஹெட்போன் இல்லாமலே ஓட விட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். முதல் தொப்புக்கு அவர் கண் என் மேல் வந்தது. இருமல் முடிந்ததும், "உங்கப்பன்" என்றார்.

"ஆமாங்க்கா."

"இத ஊர்ல போட்டுக் காட்டுன்னா காட்டுவியா?"

"காட்டறேன்க்கா" என்றேன்.

வடித்த பானையை நிமிர்த்தி வைத்தார். "அத வச்சு நான் என்னடி பண்றது? கதிருல ஊத்த முடியுமா? வடிகால்ல கொஞ்சம் தண்ணி நிக்குது. உங்கப்பன எஞ்சினைக் கொண்டாரச் சொல்லு. நாளைக்கே. அவரேதான் வரணும். ஆள அனுப்பக் கூடாது."

அப்பா போனார். இரண்டு பகல் டீசல் எஞ்சினோடு வடிகால் கரையில் உட்கார்ந்து இறைத்தார். அக்கா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முக்கால்வாசி தேறியது. கீழ் ஓரம் ஒரு பட்டை மட்டும் பதராயிற்று. அறுவடையின்போது இயந்திரத்தை அந்தப் பட்டையில் இறக்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். வெளுத்துப்போய் நிமிர்ந்து நின்ற அந்தக் கதிர்களைத் தாண்டித்தான் நான் தினமும் பேருந்துக்குப் போக வேண்டியிருந்தது.

வீடியோவை அனுப்பினேன். குறிப்பு எழுதும் இடத்தில், பின்னணிச் சத்தம் வயல் வேலை என்று எழுதினேன். பொய் இல்லை. பதில் வந்தது. தெற்கு விளிம்பில் எங்கள் ஆறு நொடி மட்டும்தான் கிடைத்திருக்கிறது, வடக்கே இருந்தவர்களை மேகம் மறைத்துவிட்டது. ஒரே ஒரு கோட்டை வைத்து உருவம் வரைய முடியாது. அதே பொருள் அடுத்த பங்குனியில் இன்னொரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது, நிழல் மறுபடி டெல்டாவின் மேல்தான், முடிந்தால் இந்தத் தடவை வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இரண்டு இடத்தில் பதிவு செய்யுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

வடக்கே திருவிடைமருதூரில் என் தோழி வீட்டு மொட்டைமாடி இருக்கிறது. அங்கே வைக்கப்போகிற இரவல் தொலைநோக்கிக்கு மோட்டார் கிடையாது, கையாலேயே நகர்த்த வேண்டும், அதனால் அங்கே நான்தான் இருக்க வேண்டும். தெற்கே எங்கள் களத்தில் தொலைநோக்கியை முன்கூட்டியே திருப்பி வைத்துவிடலாம், ஆனால் நேரத்துக்குப் பதிவுப் பொத்தானை அமுக்க யார்? வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, அப்பா தட்டிலிருந்து நிமிராமல், "அந்தப் பொத்தானைத்தானே அமுக்கணும்? நான் அமுக்கறேன்" என்றார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மறுபடி விளக்கை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே கேட்டார்.

"உங்கப்பன் தனியாவா உக்காந்துருப்பாரு?"

"ஆமாங்க்கா."

"நானும் வரேன். பங்குனில தண்ணி ஏது, வெளக்க அணைக்கறேன். பக்கத்துலயே உக்காந்துக்கறேன்." கொஞ்சம் யோசித்தார். "அந்தச் சத்தம் புடிக்கற மிஷினு இருக்கும்ல? அது ஓடிக்கிட்டே இருக்கட்டும். இந்தத் தடவ அதுல என்ன கேக்குதுன்னு பாப்போம்."

நாளை சாயங்காலம் முதல் ஒத்திகை. களத்தில் இரண்டு நாற்காலி, நடுவில் லேப்டாப், மைக். அப்பாவுக்குப் பதிவுப் பொத்தானைக் காட்ட வேண்டும். போனை எங்கே வைத்தால் டிக் சரியாகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இருட்டில் அந்த இரண்டு பேரும் இருபத்தைந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.